விட்டுக் கொடுக்காதே நண்பா!

இந்த வாரம் ஒரு சின்னச் சோதனையோடு ஆரம்பிக்கலாமா? பொருள் எதுவும் வேண்டாம். உங்கள் வலது கையும், பக்கத்தில் ஒரு நண்பனும் இருந்தால் போதும்.

நண்பனை உங்கள் எதிரே நிற்கச் சொல்லுங்கள். உங்கள் மணிக்கட்டை அவன் ஒரு கையால் லேசாகப் பிடிக்கட்டும். இப்போது கையைப் பின்பக்கமாக இழுங்கள். சட்டென்று வந்து விடும். மேலே தூக்கினாலும் வரும், கீழே இறக்கினாலும் வரும். "பூ, இவ்வளவுதானா!" என்று தோன்றும்.

இப்போது அதே நண்பனிடம், "நல்லா இறுக்கிப் பிடிடா, விடாதே!" என்று சொல்லுங்கள். மறுபடி பின்பக்கமாக இழுங்கள். வருகிறதா? வராது! பல்லைக் கடித்துக் கொண்டு இழுத்தால் கை சிவந்து போவதுதான் மிச்சம்.

சரி, அவன் பிடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் நான்கு விரல்கள். மறு பக்கம் கட்டை விரல் மட்டும். கட்டை விரல் நுனிக்கும் மற்ற விரல்களின் நுனிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது இல்லையா? பிடியின் பலவீனமான இடம் அதுதான். உங்கள் மணிக்கட்டின் மெல்லிய ஓரம் அந்த இடைவெளியைப் பார்க்கும்படி கையைத் திருப்புங்கள். முழங்கையை மடக்கி, அதை நண்பன் பக்கமாகக் கொண்டு போய், அந்த இடைவெளி வழியாகக் கையை எடுங்கள். வந்து விட்டதா? நான்கு விரல்களோடு மல்லுக்கட்டாமல், தனியாக நிற்கும் கட்டை விரலோடு மட்டும் மோதினீர்கள். ரகசியம் அவ்வளவுதான்!

இப்போது ஒரு கேள்வி. சரியான வழி எது என்பதை உங்களுக்குக் கற்றுத் தந்தது யார்? லேசாகப் பிடித்த நண்பனா, இறுக்கிப் பிடித்த நண்பனா? லேசாகப் பிடித்தபோது தப்பான வழியிலும் கை வந்தது, சரியான வழியிலும் வந்தது. எது சரி என்று தெரியவே இல்லை. அவன் விடாமல் பிடித்த பிறகுதான் தெரிந்தது!

இந்தச் சின்ன விஷயத்தை வைத்து ஜப்பானில் ஒரு பெரிய விவாதமே நடந்திருக்கிறது. அது ஐகிடோ என்ற தற்காப்புக் கலையைப் பற்றியது. வாங்க, ஜப்பானுக்குப் போய் வருவோம்!

ஐகிடோ என்றால் என்ன?

'ஐ' என்றால் இணைதல், 'கி' என்றால் உயிராற்றல், 'டோ' என்றால் வழி. எதிரியின் வேகத்தோடு மோதாமல், அதோடு இணைந்து போய் அவனைச் சாய்க்கும் கலை இது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிர் அணி முழு பலத்தோடு இழுக்கும்போது, நீங்கள் திடீரென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும்? அவர்கள் பலமே அவர்களைப் பின்னால் தள்ளிவிடும். ஐகிடோவின் அடிப்படை இதுதான்.

இதை உருவாக்கியவர் மொரிஹேய் உயேஷிபா. 1883-ம் ஆண்டு ஜப்பானின் தனாபே என்ற ஊரில் பிறந்தவர். ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரம்தான். ஆனால், தன்னைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் சுருட்டிப் போடுவார்! பழைய ஜப்பானியச் சண்டைக் கலைகளைக் கற்று, அவற்றிலிருந்து தன் கலையை வளர்த்தார். 1942-ல் அதற்கு ஐகிடோ என்ற பெயர் நிலைத்தது.

ஐகிடோ பயிற்சி பெரும்பாலும் ஜோடியாகத்தான் நடக்கும். ஒருவர் தாக்குவார். அவருக்கு 'உகே' என்று பெயர். மற்றவர் அந்தத் தாக்குதலைத் திருப்பிவிட்டு அவரைக் கீழே போடுவார். அவர் 'டோரி'. பிறகு இருவரும் இடம் மாறிக் கொள்வார்கள். உகே அடிபடாமல் உருண்டு விழக் கற்றிருப்பார். முதல் பாடமே விழுவதுதான்!

உயேஷிபா ஐகிடோவில் போட்டி வேண்டாம் என்று சொன்னார். "நான் ஜெயிக்க வேண்டும், அவன் தோற்க வேண்டும்" என்ற எண்ணமே வரக் கூடாது என்பது அவர் கொள்கை. உயர்ந்த எண்ணம்தான். ஆனால், இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. என்ன தெரியுமா?

தானாக விழும் நண்பன்!

உங்கள் ஜோடி ரொம்ப நல்லவன் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் கையைத் தொட்டதுமே அவன் பொத்தென்று விழுந்து விடுகிறான். உங்களுக்கோ ஒரே சந்தோஷம். "நான் எவ்வளவு பெரிய வீரன்!" ஆனால் அவன் விழுந்தது உங்கள் திறமையாலா, அவன் நல்ல மனசாலா? உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. லேசாகப் பிடித்த மணிக்கட்டுக் கதைதான் இது!

இப்படியே பல வருடங்கள் பயிற்சி செய்தால் என்ன ஆகும்? ஒருநாள் விழ விரும்பாத ஒருவர் எதிரே வந்து நிற்பார். அன்றைக்குத்தான் உண்மை தெரியும். அது ஆபத்தான நேரமாக இருந்தால், அப்போது தெரிந்து என்ன பயன்?

உயேஷிபாவிடமே அப்படி விழ விரும்பாத ஒருவர் வந்தார். அவர் பெயர் கோசோ ஷியோடா. 1932-ல் உயேஷிபாவின் பயிற்சிக் கூடத்தை வேடிக்கை பார்க்கப் போனார். ஜூடோவில் கறுப்பு பெல்ட் வாங்கிய பதின்வயதுப் பையன். சீடர்கள் பறந்து பறந்து விழுவதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். இது நிஜமா, நடிப்பா? உயேஷிபா அவரை அழைத்து, வந்து தாக்கச் சொன்னார். ஷியோடா ஓங்கி ஓர் உதை விட்டார். அடுத்த நொடி, தரையில் கிடந்தார்! பிறகு அவரிடமே சீடராகச் சேர்ந்து, பின்னாளில் பெரிய ஆசிரியர் ஆனார். சொல்லிக் கொடுத்து விழவைத்திருந்தால் ஷியோடாவின் சந்தேகம் தீர்ந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்!

நூலகம் போன ஜூடோக்காரர்!

இந்தச் சிக்கலை ஐகிடோவுக்கு முன்பே யோசித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. மாணவராக இருந்தபோது கானோ ஒல்லியாக, குள்ளமாக இருப்பார். அவர் பயிற்சிக் கூடத்தில் ஃபுகுஷிமா என்று ஒரு பெரிய ஆள். கானோ என்ன செய்தாலும் அவரைச் சாய்க்க முடியவில்லை.

ஃபுகுஷிமா கொஞ்சமும் விட்டுக் கொடுக்கவில்லை. கானோவும் விடவில்லை. சுமோ மல்யுத்தத்தில் ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்த்தார். சரிப்படவில்லை. நேரே நூலகத்துக்குப் போனார்! மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய புத்தகத்தைப் புரட்டினார். எதிரியின் அடியில் புகுந்து, அவரைத் தோள் மீது ஏற்றி, உருட்டிவிடும் ஒரு பிடி அதில் கிடைத்தது. அதை நன்றாகப் பழகிக்கொண்டு வந்தார். ஒருநாள் ஃபுகுஷிமாவைத் தூக்கியே போட்டு விட்டார்! 'கடா குருமா', அதாவது தோள் சக்கரம் என்ற பெயரில் அந்தப் பிடி ஜூடோவில் இன்றும் இருக்கிறது. (வீட்டில் தம்பி, தங்கையிடம் செய்து பார்க்கக் கூடாது, ஆமாம்!)

ஃபுகுஷிமா முதல் நாளே விழுந்திருந்தால் கானோ நூலகம் பக்கம் போயிருப்பாரா?

கானோ 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில் தன் பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான பிடிகளை விளையாட்டிலிருந்து தனியே பிரித்து வைத்தார். மீதியிருக்கும் பிடிகளை இருவரும் முழு பலத்தோடு, ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பழகலாம் என்றார். இதற்கு 'ரண்டோரி' என்று பெயர். ஆபத்தை முதலில் நீக்கிவிட்டால், பிறகு பயமில்லாமல் எதிர்க்கலாம் அல்லவா? 1964-ல் ஜூடோ ஒலிம்பிக்கிலும் இடம் பிடித்தது.

ஆசிரியரோடு கருத்து வேறுபாடு!

கென்ஜி டோமிகி என்று ஒருவர். 1900-ல் பிறந்தவர். கானோவிடம் ஜூடோ கற்றார். 1926-ல் இருந்து உயேஷிபாவிடமும் கற்றார். இரண்டு மாபெரும் ஆசிரியர்களுக்கும் ஒரே மாணவர்!

அவர் மனதில் ஒரு கேள்வி. ஜூடோவில் எதிர்த்துப் பழகலாம். ஐகிடோவில் மட்டும் ஏன் கூடாது? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர் சோவியத் நாட்டில் கைதியாக மூன்று ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1958-ல் வசேதா பல்கலைக்கழகத்தில் ஐகிடோ குழு ஒன்றைத் தொடங்கினார். கானோ செய்ததைப் போலவே, எதிர்த்துப் பழக ஏற்ற 17 பிடிகளைத் தேர்ந்தெடுத்தார். போட்டியும் வைக்கலாம் என்றார்.

உயேஷிபாவின் தரப்புக்கு இது பிடிக்கவில்லை. போட்டி வைப்பதானால் ஐகிடோ என்ற பெயரே வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்கள். டோமிகி பெயரையும் விடவில்லை, போட்டியையும் விடவில்லை.

இதில் யார் சொன்னது சரி? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது குட்டீஸ். போட்டி வந்தால் ஜெயிக்கும் வெறியும் கூடவே வரும், நண்பன் எதிரியாகத் தெரிவான் என்பது உயேஷிபாவின் கவலை. எதிர்ப்பே இல்லாவிட்டால் நாம் கற்றது உண்மையா என்று தெரியாமலே போய்விடும் என்பது டோமிகியின் கவலை. இன்றும் உயேஷிபாவின் தலைமைப் பள்ளியில் போட்டி கிடையாது. டோமிகியின் வழியில் வந்தவர்கள் போட்டி நடத்துகிறார்கள். அதில் ஒருவர் கையில் மென்மையான போலிக் கத்தி இருக்கும். பாதி ஆட்டம் முடிந்ததும் கத்தி கைமாறும்!

ஆனால் ஒன்று. எதிர்த்துப் பழகுவதற்குப் போட்டியும் கோப்பையும் வேண்டும் என்பதில்லை. போட்டியே வைக்காத பள்ளிகளிலும், நல்ல உகே உண்மையாகப் பிடிப்பார், உண்மையாகத் தாக்குவார். அது போதும்.

மூன்று படிகள்

அதற்காக முதல் நாளே முரட்டுத்தனமாக எதிர்த்தால் கற்பவருக்கு எதுவுமே புரியாது. டோமிகியின் முறையில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி: உகே எதிர்க்க மாட்டார். டோரி அசைவுகளை நிதானமாகப் பழகுவார். சைக்கிள் கற்கும்போது அப்பா பின்னால் பிடித்துக் கொண்டு வருவாரே, அது மாதிரி.

இரண்டாம் படி: உகே கொஞ்சம் எதிர்ப்பார். டோரி சரியாகச் செய்தால் விழுவார். தப்பாகச் செய்தால் நின்று விடுவார். அப்பா பிடியை லேசாகத் தளர்த்துகிறார்.

மூன்றாம் படி: இருவரும் முழுமையாக எதிர்ப்பார்கள். அப்பா கையை எடுத்து விட்டார்!

இரண்டாம் படிதான் ரொம்ப முக்கியம். எவ்வளவு எதிர்த்தால் நண்பன் கற்றுக் கொள்வான் என்று உகே அளந்து எதிர்க்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பயனில்லை. கொஞ்சம் கூடினால் அவன் துவண்டு விடுவான்.

பலமா, சமநிலையா?

எதிர்ப்பவரை எப்படிச் சாய்ப்பது? இன்னொரு சோதனை செய்து பாருங்கள். நண்பனை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். கைகள் மடியில் இருக்கட்டும். அவன் நெற்றியில் உங்கள் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்துங்கள். "எழுந்திரு பார்க்கலாம்!" அவனால் முடியாது!

எழுந்து நிற்க வேண்டுமானால் முதலில் தலை முன்னால் வர வேண்டும். அப்போதுதான் உடல் எடை பாதங்களுக்கு மேலே வரும். நீங்கள் அதைத் தடுத்து விட்டீர்கள். அவன் கால் பலம் முழுவதும் வீண்! ஐகிடோவும் ஜூடோவும் முதலில் குறி வைப்பது எதிரியின் சமநிலையைத்தான். அவர் தள்ளினால் அந்தப் பக்கமே இழுக்க வேண்டும். இழுத்தால் அந்தப் பக்கமே போக வேண்டும். எதிர்ப்பு எந்தத் திசையில் வருகிறது என்று உணர வேண்டும் என்றால், முதலில் எதிர்ப்பு இருக்க வேண்டுமே!

ஜாக்கிரதை குட்டீஸ்!

* மணிக்கட்டு, முழங்கைகளை முறுக்கும் பிடிகளை வீட்டில் முயலவே கூடாது. வளரும் வயதில் எலும்பும் மூட்டும் முழு உறுதி அடைந்திருக்காது. பயிற்சி பெற்ற ஆசிரியர் முன்னால், மெத்தை விரித்த இடத்தில்தான் கற்க வேண்டும்.

* வலித்தால் தரையிலோ, ஜோடியின் உடம்பிலோ 'பட் பட்' என்று தட்ட வேண்டும். தட்டிய அந்த நொடியே மற்றவர் விட்டுவிட வேண்டும். மூட்டு பூட்டிய பிறகும் "நான் விழ மாட்டேன்" என்று வீம்பு பிடிப்பது வீரம் இல்லை. அது காயத்துக்கு வழி.

* அடுத்து என்ன வரப் போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, அதை மட்டும் மடக்குவது எதிர்ப்பு அல்ல, குறும்பு! அதனால் யாரும் எதையும் கற்க முடியாது.

* பயிற்சிக்கு முன்னும் பின்னும் இருவரும் குனிந்து வணக்கம் சொல்வார்கள். "உன் உடம்பை நம்பி என்னிடம் கொடுத்தாய், நன்றி" என்பது போல!

அடுத்த முறை உங்கள் நண்பன் செஸ்ஸில் விட்டுக் கொடுக்காமல் ஆடினால், வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் நிறுத்தி "ஏழு எட்டு?" என்று மடக்கினால் கோபப்படாதீர்கள். அவன்தான் உங்கள் மணிக்கட்டை உண்மையாகப் பிடிப்பவன். நீங்களும் அவனுக்கு அப்படியே இருங்கள். இறுக்கிப் பிடியுங்கள். அவன் தட்டியதும் உடனே விட்டு விடுங்கள்!

என்ன செல்லங்களே, சரிதானே?