ஒரு கன்னக்குழிக்கு நான்கு பெயர்கள்

மட்டாஞ்சேரி, குழந்தை சிரிக்கும்போது கன்னத்தில் விழும் குழியைக் கொஞ்சுவதற்கு இவ்வூரில் வார்த்தைப் பஞ்சம் இல்லை. தமிழர் ‘கன்னக்குழி’ என்பர். மலையாளிகள் ‘நுணக்குழி’ என்பர். குஜராத்தித் தெருவில் ‘கஞ்சன்’ என்பர். இங்கிலீஷ் படித்தவர்களுக்கு அது ‘டிம்பிள்’.

புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தார் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில் வியப்பில்லை. மலையாளத்தில் ‘நுண’ என்றால் பொய். “மோளுக்கு நுணக்குழி உண்டல்லோ!” என்று பக்கத்து வீட்டுச் சேச்சி ஆசையாகச் சொன்னால், தமிழ்த் தாயின் காதில் ‘பொய்க்குழி’ என்று விழுகிறது. குஜராத்திக்காரர் ‘கஞ்சன்’ என்றாலோ கருமி என்று திட்டுவது போல் இருக்கிறது. இருவரும் சொல்வது பாராட்டுதான்.

நுணக்குழியைப் பொய்யோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டியதும் இல்லை. மிட்டாயை வாயில் அடக்கிச் சப்பிச் சுவைப்பதற்கு மலையாளத்தில் ‘நுணயுக’ என்று பெயர். அப்படிச் சுவைக்கும்போது கன்னம் உள்வாங்கிக் குழி விழுவதை எவரும் கண்ணாடியில் பார்க்கலாம். 2024-ல் வெளியான ஒரு மலையாள நகைச்சுவைப் படத்திற்கே ‘நுணக்குழி’ என்றுதான் பெயர்.

குழி விழும் கன்னத்திற்கு மலையாளிகள் வழங்கும் பெயர் ‘கவிள்’. இது நமக்கு அந்நியச் சொல் அல்ல. சங்க நூல்களில் யானையின் கன்னத்தைக் குறிக்கும் ‘கவுள்’ என்பதன் உடன்பிறப்பே இது. தமிழர் பேச்சில் விட்டுவிட்ட சொல் மட்டாஞ்சேரி மீன் மார்க்கெட்டில் இன்றும் புழங்குகிறது.

‘டிம்பிள்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை சுமார் 1400-ம் ஆண்டு வாக்கிலேயே எழுத்தில் வந்துவிட்டது. அதன் உறவுச் சொல்லான ‘டூம்பல்’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் நீர் தேங்கிய குட்டை என்று பொருள். பழைய ஜெர்மனில் அது நீர்ச்சுழியையும் குறித்தது. ஆக, மண்ணிலும் நீரிலும் விழும் பள்ளத்தின் பெயரே முகத்திற்கு ஏறியிருக்கிறது. பின்னர் அது கோல்ப் பந்தின் மேலுள்ள சிறு குழிகளுக்கும் ஆயிற்று. அக்குழிகள் இருப்பதால்தான் பந்து நெடுந்தூரம் பறக்கிறது.

நம் நாட்டிலோ அது பெண்களின் பெயராகவும் ஆகிவிட்டது. 1973-ல் ‘பாபி’ ஹிந்திப் படத்தில் அறிமுகமான டிம்பிள் கபாடியா, குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர்.

கன்னத்தில் குழி விழுந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பாட்டிமார் நம்மிடையே உண்டு. அதிர்ஷ்டமும் இல்லை, பொய்யும் இல்லை என்கிறது உடற்கூறு சாஸ்திரம். சிரிக்கும்போது உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை சிலருக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். அது தோலைப் பிடித்து இழுக்கையில் குழி விழுகிறது. குழந்தைப் பருவத்தில் காணும் குழி வளர்ந்தபின் மறைந்துவிடுவதும் உண்டு. இயற்கை தராத குழியைக் கன்னத்தின் உட்புறம் தையல் போட்டு உண்டாக்கிக்கொள்பவர்களும் இக்காலத்தில் இருக்கிறார்கள்.

பல பாஷைக்காரர் நெருங்கி வாழும் ஊரில், காதில் விழும் வார்த்தைக்கு நம் பாஷையிலேயே பொருள் கொண்டால் வீண் மனஸ்தாபம்தான் மிச்சம். “அப்படியென்றால் என்ன சேச்சி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். சேச்சி சிரிப்பார். அவர் கன்னத்திலும் ஒரு குழி விழக்கூடும்.