எச்.ஐ.வி. இருப்பவருக்கு வலிப்பு வந்தால்... டாக்டரிடம் மறைக்கக் கூடாதது எது?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் மனிதத் தலைகள்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால் என்ன நடக்கும்? "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்பார் ஒருவர். "யார்கிட்டயாவது சாவிக்கொத்து இருக்கா? கையில குடுங்க" என்பார் இன்னொருவர். சோடா வாங்க ஒரு இளைஞர் ஓடுவார். ஓரிரு நிமிடங்களில் வலிப்பு தானாகவே அடங்கும். இரும்புதான் அடக்கியது என்று எல்லோரும் நம்பிக்கொண்டு நடையைத் தொடர்வார்கள்.

விழுந்தவர் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவராக இருந்தால், உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மருத்துவமனையில், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்பார். பக்கத்தில் மச்சான் நிற்பார், தெருக்காரர் நிற்பார். "இல்லீங்க சார்" என்று பதில் வரும். அந்த 'இல்லை'யை நம்பி எழுதப்படும் வலிப்பு மாத்திரை, பல ஆண்டுகளாக அவரைக் காப்பாற்றி வரும் எச்.ஐ.வி. மருந்தையே செயலிழக்கச் செய்யலாம். எப்படி?

எச்.ஐ.வி.க்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

எச்.ஐ.வி. என்றாலே ரத்தம், எதிர்ப்பு சக்தி, உடல் மெலிவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தொற்று ஏற்பட்ட ஆரம்ப வாரங்களிலேயே இந்த வைரஸ் மூளைக்கும் போய்விடும். சில வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொண்டு, மூளையின் பாதுகாப்பு வேலியைத் தாண்டி உள்ளே நுழைகிறது. நரம்பு அணுக்களை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. பக்கத்தில் உள்ள காவல் அணுக்களைப் பிடிக்கிறது. அவை கக்கும் ரசாயனங்களால் நரம்பு அணுக்கள் நாளடைவில் பாதிக்கப்படுகின்றன. மறதி, கவனக்குறைவு, நடையில் தடுமாற்றம், பாதங்களில் எரிச்சல், மரத்துப்போதல் போன்றவை இப்படி வரலாம். கூட்டு மருந்து சிகிச்சையை, அதாவது ஏ.ஆர்.டி. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்பவர்களிடம் இந்தப் பாதிப்பு பெரிதும் குறைந்துவிட்டது.

அப்படியானால் வலிப்பு ஏன் வருகிறது?

எதிர்ப்பு சக்தி சரியும்போது மூளையைத் தாக்கும் பிற கிருமிகள்தான் முக்கியக் காரணம். சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. 100-க்கும் கீழே போனால் ஆபத்து மிக அதிகம்.

முதலாவது, காசநோய். நுரையீரல் மட்டும் அதன் வீடு அல்ல. மூளை உறையில் அழற்சியாகவும், மூளைக்குள் கட்டியாகவும் அது வரும். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளைப் பாதிப்புக்கு இது ஒரு பெரிய காரணம். இரண்டாவது, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனையின் கழிவு, சரியாக வேகாத இறைச்சி வழியாக எப்போதோ உடலுக்குள் வந்து பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும். எதிர்ப்பு சக்தி விழுந்ததும் எழுந்து மூளையில் கட்டிகளை உண்டாக்கும். மூன்றாவது, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்கும் இதை எல்லோருமே சுவாசிக்கிறோம். அதற்காகக் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால் உடலே அதை அடக்கிவிடும். சிடி4 மிகக் குறைந்தவர்களுக்குத்தான் அது மூளை உறையைத் தாக்கி, நாள்கணக்கில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று போகும்.

இவை தவிர மூளைப் புற்றுநோய், சர்க்கரை அல்லது சோடியம் குறைவு, மது, தூக்கமின்மை, பழைய தலைக்காயம் ஆகியவையும் காரணமாகலாம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் வரும் நாடாப்புழு முட்டைக் கட்டியையும் மறந்துவிடக் கூடாது. எனவே முதல் முறை வலிப்பு வந்தால், "ஒரு தடவைதானே வந்துச்சு, பாத்துக்கலாம்" என்று விடவே கூடாது. தலை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை ஆகியவை அவசியம். முதுகில் நீர் எடுத்தால் இடுப்பு விழுந்துவிடும் என்பது வெறும் பயம்தான். கிரிப்டோகாக்கஸ் பாதிப்பில், ஏறிக்கிடக்கும் மூளை நீரின் அழுத்தத்தைக் குறைத்து உயிரைக் காப்பாற்றுவதே அந்த ஊசிதான்.

காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டாக்சோபிளாஸ்மா கட்டி சரியான மருந்துக்கு இரண்டு வாரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். சிடி4 குறைந்தவர்களுக்குத் தினமும் தரப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, அந்தக் கட்டி வராமலே தடுக்கக்கூடியது. "அது சும்மா சளி மாத்திரை" என்று ஒதுக்குவது தவறு.

மாத்திரைக்கும் மாத்திரைக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

இன்று இந்தியாவில் பெரும்பாலானோருக்குத் தரப்படும் முதல்கட்ட எச்.ஐ.வி. மருந்து, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

வலிப்புக்கு ஊரில் பல காலமாக எழுதப்படும் மருந்துகள் ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன். விலை குறைவு, பழகியவை. ஆனால் இவை கல்லீரலில் உள்ள நொதிகளை முடுக்கிவிடும். முடுக்கிவிடப்பட்ட கல்லீரல், டோலுடெக்ராவிரை வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். நோயாளி ஒருநாள் தவறாமல் மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு போதாமல் போகும். வைரஸ் மெல்லத் தலைதூக்கும். அந்த மருந்துக்கே அடங்காத வகையாகவும் மாறிவிடலாம்.

இது ஊகம் அல்ல. அமெரிக்க நரம்பியல் அகாடமியும் சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகமும் இணைந்து 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நொதிகளை முடுக்கும் வலிப்பு மருந்துகளை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. இப்படி மோதாத லெவெடிராசிடம் போன்ற மருந்தை டாக்டர்கள் தேர்ந்தெடுக்கலாம். கார்பமசெபினைத் தவிர்க்கவே முடியாது என்றால் டோலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். சத்து மாத்திரை என்று சாப்பிடும் கால்சியம், இரும்பு மாத்திரைகளும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடும்கூட டோலுடெக்ராவிரைத் தடுக்கும். நேரம் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஃபெனிடாயின் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவதே சரியான வழி. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த மையங்கள் இயங்குகின்றன. மருந்தும் ஆலோசனையும் இலவசம்.

டாக்டரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடாதா?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். சிறிய ஊர். மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர், நர்ஸ் தூரத்துச் சொந்தம். இதற்காகத்தான் 2017-ல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் சட்டவிரோதம். சிகிச்சைக்கு அவசியம் என்றால் மட்டும் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் சொல்லலாம்.

நோயாளி செய்யக்கூடியது எளிது. "சார், தனியா ஒரு விஷயம் பேசணும்" என்றால் போதும். உடன் வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. மாத்திரை டப்பாவின் படத்தை போனில் வைத்திருந்தால் வாய்விட்டுச் சொல்லக்கூடத் தேவையில்லை, காட்டினால் போதும். சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

வலிப்பு வந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் துணி, ஸ்பூன், விரல், தண்ணீர், சோடா எதையும் வைக்கவோ ஊற்றவோ கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. சுற்றியுள்ள கல்லையும் பொருளையும் நகர்த்தி, தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். சட்டைப் பட்டனைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு வந்தாலோ, முதல் முறை வலிப்பு என்றாலோ 108-ஐ அழையுங்கள். எச்சில், நுரை, வியர்வையால் எச்.ஐ.வி. பரவாது. தொட்டுத் தூக்கப் பயப்பட வேண்டாம். காயத்தில் ரத்தம் இருந்தால் கையுறையோ பாலித்தீன் பையோ போட்டுக்கொள்ளலாம்.

வலிப்பு உள்ளவர்கள் கிரிவலம் போகலாமா? டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் இரவு முழுக்கத் தூங்காமல், விரதத்தோடு, மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு நடப்பது வலிப்பைக் கூப்பிட்டு அழைப்பதற்குச் சமம். மாத்திரை பையில் இருக்கட்டும், விஷயம் தெரிந்த ஒருவர் உடன் வரட்டும்.

வேலூரில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் உறுதியானது தமிழகத்தில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோகப்பட்டு, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊரான வேலூரின் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அன்று கொடுக்க ஒரு மாத்திரைகூட இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரமும் முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியானதும் சிகிச்சை.

மாத்திரை இல்லாமல் உயிர் போன காலம் முடிந்துவிட்டது. மாத்திரை இருந்தும், சொல்லத் தயங்கி அது வீணாகிவிடக் கூடாது. அடுத்த முறை "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க சார்" என்பதே சரியான பதில்.