டிரெண்டும் பாஷனும்

ஆங்கிலச் சொற்களை நாம் கடன் வாங்குவதில் குற்றமில்லை. வாங்கிய சொல்லின் பொருளைத் தொலைத்துவிடுவதுதான் குற்றம். 'டிரெண்ட்' என்ற சொல் இன்று அந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறது. நேற்றுப் பிறந்த வேடிக்கையும் டிரெண்ட். இவ்வருஷத்துப் புடவைக் கரையும் டிரெண்ட்!

பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குத் திரும்புதல், உருளுதல் என்று பொருள். பின்னர் அது ஆறும் கடற்கரையும் செல்லும் திசையைக் குறித்தது. ஆகவே, நெடுங்காலம் ஒரே திசையில் நிகழும் மாறுதலே டிரெண்ட், தமிழில் 'போக்கு'. 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி நம் தேசத்தில் எழுத்தறிந்தவர் 100-க்குச் சுமார் 18 பேர். 2011-இல் சுமார் 73 பேர். இது போக்கு.

'பாஷன்' என்பது ஒரு காலத்தார் விரும்பி மேற்கொள்ளும் உடையும் நடையும். 1970-களின் பெல்பாட்டம் கால்சட்டையைப் போல. நம் பெரியோர் இதனை 'மோஸ்தர்' என்றார்கள். 'கிரேஸ்' என்பதோ திடீர்ப் பித்து. 1958-இல் அமெரிக்கச் சிறுவர்கள் இடுப்பில் சுழற்றிய ஹூலா வளையத்தின் மோகம் சில மாதங்களில் தணிந்துவிட்டது.

பித்தைப் போக்கென்று நம்புகிறவர், பிள்ளையின் படிப்பையும் கடையின் முதலையும் அதன்மேல் வைத்து இழப்பார். எனவே, 'இதுதான் டிரெண்ட்' என்று யாரேனும் சொன்னால், போக்கா, மோஸ்தரா, பித்தா என்று கேட்டுவிட்டே காரியத்தில் இறங்குவோமாக.