ஹெல்வெலின் மலையில் ஓர் இடஞ்சுற்று

ஏறிய வழியாகவே இறங்கி, காலையில் கண்ட பாறையையே மாலையிலும் கண்டு திரும்புவதில் மலைநடையின் சுவாரசியம் பாதி குன்றிவிடுகிறதென்று எண்ணுகிறவர்களுக்கு, இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஏரிப் பிரதேசத்தில் உகந்த பாதை ஒன்று உண்டு. தேர்ல்மியர் ஏரியின் தென்முனையருகே, வித்பர்ன் என்னுமிடத்துச் சின்னஞ்சிறு தேவாலயத்தின் பக்கத்தில் புறப்பட்டு, வனத்தினூடே ஏறி, 3,118 அடி உயரமுள்ள ஹெல்வெலின் சிகரத்தை எட்டி, முகட்டோடு வடக்கே சென்று, மேற்குச் சரிவில் இறங்கி, மீண்டும் அத்தேவாலயத்துக்கே வந்து சேருகிற ஏழெட்டு மைல் சுற்று அது. நம் ஊர்க் கிரிவலத்தை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்: இவ்வாறு செல்வது வலமன்று, இடம்.

ஏரி என்று சொன்னோமாயினும் அதன் இன்றைய உருவம் முற்றிலும் இயற்கையின் சிருஷ்டியன்று. வளர்ந்துகொண்டே போன மாஞ்செஸ்டர் நகரத்துக்கு ஜலம் போதாமற்போகவே, அந்நகர சபையார் 1879-இல் பார்லிமெண்டில் சட்டம் செய்வித்து, கடும் ஆட்சேபங்களுக்கிடையே பள்ளத்தாக்கின் வடவாயில் அணையெழுப்பி, 1894 முதல் 96 மைல் தூரத்துக்கு, யந்திரத்தின் உதவி சிறிதுமின்றி, நிலத்தின் சாய்வொன்றாலேயே நீரை ஓடவிட்டார்கள். கரையோரத்து வீடுகள் மூழ்கின. சற்று மேட்டிலிருந்த தேவாலயம் தப்பியது. 1908 முதல் சரிவுகளில் அணியணியாக நட்டு வளர்த்த லார்ச், ஸ்புரூஸ் மரங்கள்தாம் நாம் நுழைகிற வனம். கவிஞர் வொர்ட்ஸ்வொர்த் இப்பக்கம் நடந்த காலத்தில் இந்த இருளும் பிசின் மணமும் இங்கே இல்லை.

வனத்தின் எல்லைக் கதவைத் தாண்டினால் வெட்டவெளி. பாதை நெடுகப் பெரிய கற்களைப் படிபோல் இறுகப் பதித்திருக்கிறார்கள். பூட்ஸ் கால்களும் மழைநீரும் சேர்ந்து மண்ணை அரித்துவிடாதிருக்கச் செய்த உபாயம் அது என்பதை, முழங்கால் நோகிறபோது நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கன்னங்கரேலென்று பிறந்து வயது ஏற ஏறச் சாம்பல் பூக்கும் ஹெர்ட்விக் ஆடுகள், வெளுத்த முகத்தைத் தூக்கி, வழியைவிட்டு நகராமல் நின்று நம்மைப் பரிசீலிக்கும். உச்சியோ மைதானம்போல் விரிந்து கிடக்கிறது. 1926 டிசம்பரில் ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் என்னும் இருவர் ஒரு சிறு விமானத்தை அங்கே இறக்கி, மறுபடி கிளப்பிக்கொண்டும் போனார்களென்று ஒரு கற்பலகை சொல்லுகிறது.

மேற்கே புல்வெளியாய்ச் சாதுவாகச் சரிகிற இம்மலை, கிழக்கு ஓரத்தில் திடீரென்று அறுந்து விழுகிறது. பனியூழிக் காலத்தில் மேலைக்காற்று உச்சிப் பனியை வாரிக்கொண்டுபோய், வெயில் அதிகம் எட்டாத கீழ்ப்புறப் பள்ளங்களில் கொட்டிற்று. அது இறுகிப் பனியாறாகி, மலையைக் குடைந்துகொண்டே நகர்ந்தது. குடைந்த கிண்ணமொன்றில் இப்போது ரெட் டார்ன் என்னும் குளம் கிடக்கிறது. அடுத்தடுத்த கிண்ணங்களின் நடுவே எஞ்சிய சுவர்தான், கத்தியின் வாய்போல் நீண்டிருக்கும் ஸ்ட்ரைடிங் எட்ஜ்.

1805-ஆம் ஆண்டு ஏப்ரலில் சார்ல்ஸ் கஃப் என்ற இளைஞர் தம் பெட்டைநாயுடன் இம்மலைமேல் வந்து மறைந்துபோனார். மூன்று மாதங்களுக்குப் பின் குளத்தருகே ஓர் இடையன் கண்டபோது, எலும்பாய்க் கிடந்த எஜமானரைவிட்டு நீங்காமல் நாய் உயிரோடிருந்தது. ஸ்காட்டும் வொர்ட்ஸ்வொர்த்தும் அதைப் பாடினார்கள். லாண்ட்சீர் சித்திரமாகத் தீட்டினார். அத்தனை நாளும் அது எதைத் தின்று ஜீவித்தது என்று அக்காலத்திலேயே எழுந்த விகாரமான சந்தேகத்தைக் கவிஞர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1890-இல் நாட்டிய ஞாபகக்கல் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது.

வடமேற்கே இறங்கும் வழி செங்குத்தானது, சரளைக்கல் நிறைந்தது. மூடுபனியில் விளிம்பை விட்டு விலகி நடப்பது உத்தமம். அடிவாரத்தில் மறுபடியும் வனம். அதனுள்ளே இரண்டு மைலுக்கு மேல் தெற்கு நோக்கி நடக்கையில், மரங்களின் இடுக்கில் ஏரி விட்டுவிட்டுத் தெரியும். மழை பொய்த்த கோடையானால் நீருக்கும் கரைப் பசுமைக்கும் நடுவே வெளிறிய கற்பட்டை ஒன்று ஏரியைச் சுற்றி ஓடும்: மாஞ்செஸ்டர்வாசிகள் குடித்துத் தீர்த்த அளவு அது.