ஸ்போர்ட்ஸ் காரின் எரிபொருள் மானி: கோளாறு கண்டறியும் முறை

எரிபொருள் மானி என்பது வாகனத்தின் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் அல்லது டீசல் இருக்கிறது என்பதை ஓட்டுநருக்குக் காட்டும் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இதைப் 'பெட்ரோல் முள்' என்றும் 'பெட்ரோல் மீட்டர்' என்றும் சொல்வர். முள் தவறாகக் காட்டினால் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலும் பிழை தொட்டிக்குள்ளோ, கம்பியிலோ, எர்த் இணைப்பிலோ இருக்கும். எது பழுது என்று அறியாமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவாகும். சில வேளைகளில் அது ஆபத்தாகவும் முடியும்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே உள்ள பள்ளிகொண்டா, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி அமைந்த ஊர். தோல் தொழிற்சாலைகளின் சரக்கு வண்டிகளும், தொலைதூரப் பேருந்துகளும், வேகமான கார்களும் இரவு பகலாக இவ்வழியே செல்கின்றன. இத்தகைய சாலையில் பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் கார் நிற்பது வெறும் தாமதம் அன்று. பின்னால் வரும் லாரி மோதும் அபாயமும் அதில் உண்டு. முள் காட்டுவதை நம்பலாமா என்ற கேள்வி இதனால்தான் முக்கியமாகிறது.

அமைப்பும் செயல்பாடும்

எரிபொருள் மானியின் மின்சுற்றில் ஐந்து பகுதிகள் உள்ளன. அவை மின்சாரம் தரும் பேட்டரியும் ஃபியூஸும், முகப்புப் பலகையில் உள்ள மீட்டர், மீட்டரிலிருந்து தொட்டிக்குச் செல்லும் கம்பி, தொட்டிக்குள் இருக்கும் உணரி, உணரியிலிருந்து மின்னோட்டம் திரும்பும் எர்த் இணைப்பு ஆகியன. உணரியைப் பட்டறைகளில் 'டேங்க் யூனிட்' என்பர். இதில் ஒரு மிதவையும், மிதவையோடு இணைந்த கையும், அக்கை நகரும்போது மாறும் மின்தடையும் இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏற இறங்க மிதவையும் ஏறி இறங்கும். மின்தடை மாறுவதால் மின்னோட்டம் மாறும், முள்ளும் நகரும். பள்ளியில் படிக்கும் ஓம் விதியே இதன் அடிப்படை.

பழைய கார்கள் பலவற்றில் மீட்டருக்குள் ஈருலோகப் பட்டை இருக்கும். மின்னோட்டம் பாயும்போது அது சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளும். அதனால் முள் மெதுவாக நகரும். இவ்வகை மீட்டருக்குச் சுமார் 10 வோல்ட் சீரான மின்னழுத்தம் தேவை. அதைத் தருவதற்கு மின்னழுத்த நிலைப்படுத்தி என்ற சிறு பெட்டி பொருத்தப்படும். வேறு சில கார்களில் மீட்டருக்குள் இரண்டு கம்பிச்சுருள்களின் காந்தப்புலம் முள்ளை நகர்த்துகிறது. இன்றைய கார்களில் உணரியின் அளவை முதலில் ஒரு கணினி படித்து, பிறகு முள்ளுக்கோ திரைக்கோ அனுப்புகிறது.

இரண்டு மின்தடைக் குடும்பங்கள்

எல்லா உணரிகளும் ஒரே திசையில் வேலை செய்வதில்லை. ஒரு வகையில் தொட்டி காலியாக இருக்கும்போது மின்தடை அதிகமாகவும், நிரம்பும்போது குறைவாகவும் இருக்கும். காலிக்கு 240 ஓம், முழுமைக்கு 33 ஓம் என்ற அளவு இவ்வகையில் பரவலானது. மற்றொரு வகையில் இது தலைகீழ். ஐரோப்பிய உணரிகள் பலவற்றில் காலிக்கு 10 ஓம், முழுமைக்கு 180 ஓம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் காலிக்கு 0, முழுமைக்கு 90 ஓம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காணலாம். எர்த் இணைப்பில் துரு ஏறி, 30 ஓம் கூடுதல் தடை உண்டானதாகக் கொள்வோம். முதல் வகைக் காரில் தொட்டியை நிரப்பினாலும் மீட்டர் 33 ஓமுக்குப் பதில் 63 ஓமைக் காண்கிறது. எனவே முள் முழு அளவைத் தொடாது. உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுவதால் ஓட்டுநர் சற்று முன்னதாகப் பெட்ரோல் போடுவார், வேறு கேடு இல்லை.

இரண்டாம் வகைக் காரில் தொட்டி காலியாகும்போது மீட்டர் 10 ஓமுக்குப் பதில் 40 ஓமைக் காண்கிறது. 10 முதல் 180 வரையிலான 170 ஓம் இடைவெளியில் 30 ஓம் என்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மின்தடை சீராக மாறுவதாகக் கொண்டால், 40 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 7 லிட்டர் மீதமிருப்பதாக முள் காட்டும். உண்மையில் தொட்டியில் ஒன்றும் இராது. ஒரே துரு ஒரு காரில் பாதுகாப்பான பிழையையும் மற்றொன்றில் ஆபத்தான பிழையையும் உண்டாக்குகிறது. ஆகவே, காரின் கையேட்டைப் பார்த்து எந்த வகை என்று அறிந்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் உள்ள தனிச்சிக்கல்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் உயரம் குறைவு. அதனால் தொட்டி பெரும்பாலும் தட்டையாகவோ, இரண்டு பிரிவாகவோ அமையும். தட்டையான தொட்டியில் திருப்பங்களில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை ஏமாறும். 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மலைப்பாதையில் முள் ஏறி இறங்கினால், அதைக் கோளாறு என்று உடனே முடிவு செய்யக் கூடாது. சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பிரிவுத் தொட்டிகளில் இரண்டு உணரிகள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று கெட்டாலும் மொத்தக் கணக்கு தவறும்.

மற்றொரு சிக்கல் கண்ணாடி இழை உடற்கூடு. சாதாரணக் காரில் இரும்பு உடலே எர்த் பாதையாகப் பயன்படுகிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ஒவ்வொரு கருவிக்கும் தனி எர்த் கம்பி அடிச்சட்டம் வரை செல்ல வேண்டும். 1953 முதல் வெளிவரும் அமெரிக்காவின் கார்வெட், பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸின் சான் ஸ்டார்ம் ஆகியவை இத்தகைய இழை உடல் கொண்டவை. இக்கார்களில் முள் பழுதானால் முதலில் எர்த் கம்பியைச் சந்தேகிப்பது நல்லது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இது பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962இல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வெளியானது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலாட்டி. எனவே பழைய ஹெரால்டைப் பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக்குக் கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காரின் மின்சுற்று அந்நியமாகத் தோன்றாது.

பாதுகாப்பு

பெட்ரோலின் தீப்பற்றுநிலை சுமார் −43 பாகை செல்சியஸ். நம் ஊர் வெப்பத்தில் அது எப்போதும் எரியக்கூடிய ஆவியை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, பட்டறைப் பள்ளங்களில் தேங்கும். காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. ஏனெனில் அதற்குள் ஆவியும் காற்றும் கலந்துள்ளன.

தொட்டியைத் திறக்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. தொட்டியிலும் உலோக மிதவையிலும் பற்றவைப்பு வேலை செய்யக் கூடாது. தீயணைப்பான் அருகில் இருக்க வேண்டும். மாணவர்கள் இச்சோதனைகளைப் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம்.

கண்டறியும் படிகள்

1. மற்ற மீட்டர்களைப் பார்த்தல்: வெப்பமானியும் பெட்ரோல் மானியும் சேர்ந்து தவறினால் ஃபியூஸ் அல்லது மின்னழுத்த நிலைப்படுத்தியே காரணமாக இருக்கலாம். இரண்டும் அளவுக்கு மேல் காட்டினால், நிலைப்படுத்தியின் எர்த் விட்டுப்போய் முழு 12 வோல்ட்டும் பாய்கிறது என்று பொருள். பெட்ரோல் மானி மட்டும் தவறினால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

2. கம்பியைக் கழற்றிச் சோதித்தல்: தொட்டி மூடியிருக்கும் நிலையில், உணரிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட வேண்டும். 240–33 வகையில் முள் காலிக்கு இறங்க வேண்டும். 10–180 வகையிலும் 0–90 வகையிலும் முழுமைக்கு ஏற வேண்டும். அவ்வாறு நகராமல் நின்றால் மீட்டரிலோ கம்பியிலோ பழுது உள்ளது.

3. எர்த்தில் தொட்டுப் பார்த்தல்: கழற்றிய கம்பியைத் தகுந்த ஒரு மின்தடை வழியாக, அதாவது 240–33 வகைக்கு 33 ஓம் வழியாக, அடிச்சட்டத்தில் தொட வேண்டும். முள் எதிர்த்திசைக்கு நகர்ந்தால் மீட்டரும் கம்பியும் நலம். நேரடியாக நீண்ட நேரம் தொட்டால் மீட்டர் கருகக்கூடும். கணினி வழி இயங்கும் புதிய கார்களில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. அவற்றில் ஓபிடி கருவியை இணைத்து, எரிபொருள் உணரி தொடர்பான பி0460 முதல் பி0464 வரையிலான குறியீடுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

4. எர்த்தை அளத்தல்: மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, உணரியின் எர்த் முனைக்கும் பேட்டரி எதிர்முனைக் கம்பிக்கும் இடையே அளக்க வேண்டும். ஓர் ஓமுக்கும் குறைவாக இருந்தால் நன்று. கூடுதலாக இருந்தால் துருவைச் சுரண்டி, திருகை இறுக்கி, மீண்டும் அளக்க வேண்டும். பல வண்டிகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

5. உணரியை அளத்தல்: கம்பி கழன்ற நிலையில் உணரியின் மின்தடையை அளந்து, தொட்டியில் உள்ள பெட்ரோலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் மட்டுமே உணரியை வெளியே எடுக்க வேண்டும். மிதவையின் கையை மெதுவாக நகர்த்தும்போது ஓம் அளவு விட்டுவிட்டுத் தாவினால் மின்தடைப் பாதை தேய்ந்துள்ளது. மிதவையை ஆட்டும்போது உள்ளே திரவம் குலுங்கினால் அது ஓட்டையாகி மூழ்கிவிட்டது. அதை மாற்ற வேண்டும். முள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறாவிட்டால் கை வளைந்திருக்கலாம்.

எரிபொருளே காரணமாகும் வேளை

உணரியின் தொடுமுனைகளில் வெள்ளி கலந்த உலோகம் பயன்படுவதுண்டு. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுத்து, மின்கடத்தல் கெடும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வினையால்தான். 2004 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா, லூசியானா மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்கப்பட்டதால் கார்களின் எரிபொருள் மானிகள் பழுதாயின. ஷெல் நிறுவனம் நூற்றுக்கணக்கான நிலையங்களில் விற்பனையை நிறுத்தியது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 தரத்தின்படி பெட்ரோலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முந்தைய பிஎஸ்-4 தரத்தில் இவ்வரம்பு 50 ஆக இருந்தது. எனவே இக்காரணம் இங்கு அரிதாகிவிட்டது. ஆயினும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. நெடுநாள் ஓடாமல் நிற்கும் பழைய கார்களில் இது உணரியின் உலோகப் பகுதிகளை அரிக்கலாம்.

மானி இல்லாத பயணம் தரும் பாடம்

எரிபொருள் மானி வேலை செய்யாத நிலையில் நிகழ்ந்த மிகப் புகழ்பெற்ற சம்பவம் வானில் நடந்தது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்தில் எரிபொருள் மானிகள் இயங்கவில்லை. தொட்டியின் அளவைக் கையால் அளந்து கணக்கிட்டபோது, ஒரு லிட்டரின் எடையைக் கிலோகிராமில் கொள்ளாமல் பவுண்டில் கொண்டுவிட்டனர். 22,300 கிலோகிராம் தேவைப்பட்ட இடத்தில் அதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் புறப்பட்டது. நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. விமானி அதை மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினர். கருவி பழுதானால் மாற்றுக் கணக்கை இருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

காருக்கும் இது பொருந்தும். மானி சரியாகும் வரை ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பி, தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரில் 40 லிட்டருக்கு 480 கிலோமீட்டர் கிடைக்கும் என்றாலும், 350 கிலோமீட்டரிலேயே மீண்டும் நிரப்புவது நல்லது. எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் தொட்டிக்குள்ளேயே உள்ள கார்களில், பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிர்விக்கிறது. அடிக்கடி அடிமட்டம் வரை ஓட்டினால் பம்பும் சூடேறிக் கெடும்.

பழுது நீங்கிய பிறகு, ஏறக்குறைய காலியான தொட்டியில் 5 லிட்டர் வீதம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்து வைக்கலாம். இந்தச் சிறு அட்டவணையைக் காரிலேயே வைத்திருந்தால், அடுத்த முறை முள் தவறும்போது அது எவ்வளவு தவறுகிறது என்பதை உடனே அறியலாம்.