வீட்டுக் குடிதண்ணீரைப் பரிசோதித்தல்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் குடிதண்ணீரின் குணத்தைக் கண்ணாலும் நாவாலும் அறிவதே வழக்கம். நீர் தெளிந்திருந்து, உவர்ப்பின்றி, பருப்பும் நன்கு வெந்தால் அது நல்ல தண்ணீர் எனக் கொள்ளப்படுகிறது. இம்முறை உப்பையும் கடினத்தன்மையையும் காட்டுமேயன்றி, தீங்கு மிகுந்த சில பொருள்களைக் காட்டாது. ஃப்ளோரைடு, நைட்ரேட்டு, காரீயம் ஆகிய மூன்றும் நிறமும் மணமும் இன்றி நீரிற் கரைந்திருக்கக் கூடியவை. காய்ச்சினால் நோய்க்கிருமிகள் மடியும், இம்மூன்றும் நீங்கா. நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு சற்று மிகவே செய்யும்.

இதற்குப் பழைய சென்னை மாகாணத்திலேயே சான்று உண்டு. நெல்லூர்ப் பகுதியில் உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்கமாட்டாமற் போவதைக் குடியானவர்கள் கண்டனர். அப்பகுதி மக்களின் பற்களும் எலும்புகளும் கெடுவது குடிநீரிலுள்ள ஃப்ளோரைடினால் என்பதை ஷார்ட் என்பவரும் அவருடன் உழைத்த வைத்தியர்களும் 1937-இல் வெளியிட்டனர்.

மதுரை ஜில்லாவின் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறையே. நீர் பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கும்போது, பாறையிலுள்ள ஃப்ளோரைடு சிறிது சிறிதாகக் கரைகிறது. உசிலம்பட்டி வட்டாரத்துக் கிணறுகள் சிலவற்றில் இது மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இந்தியத் தர விதிப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமே ஏற்ற அளவு; வேறு நீர் கிட்டாவிடில் 1.5 வரை கொள்ளலாம். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது இது மிகுந்தால், பல்லிற் படியும் கறை தேய்த்தாலும் போகாது.

நைட்ரேட்டு பாறையிலிருந்து வருவதன்று. பெரிதும் நம் செய்கையால் வருவது. கிணற்றோரக் குப்பைக்குழி, மாட்டுக்கொட்டில், கழிப்பிடக்குழி, அளவு மீறியிட்ட யூரியா ஆகியவற்றிலிருந்து அது மழைநீருடன் கிணற்றில் இறங்குகிறது. 45 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரிற் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குன்றி, உடல் நீலம் பாய்தல் கூடும்.

காரீயம் பெரும்பாலும் கிணற்றில் இல்லை, வீட்டிற்குள்ளேதான் கலக்கிறது. பழைய குழாய்கள், பற்றவைத்த இணைப்புகள், பித்தளைக் குழாய்முனைகள் ஆகியவை இதற்கு இடமாகும். பி.வி.சி. குழாய்களிற் காரீயச் சேர்மானத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல் விதிகள் செய்தது. அதற்கு முற்பட்ட குழாய்கள் பல வீடுகளில் உள்ளன. பாத்திரத்திற்குப் பூசவேண்டிய ஈயம் வெள்ளீயமே. அதிற் காரீயம் கலந்திருந்தால் புளி அதனைக் கரைத்துவிடும். காரீயத்திற்கு விதித்த உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதாகலின், குறைந்த அளவும் நன்றன்று.

மாதிரி எடுக்கும் முறை வருமாறு:

(1) பொதுப் பரிசோதனைக்கு, தூய பிளாஸ்டிக் கலத்தை அந்நீராலேயே மூன்று முறை அலசி இரண்டு லிட்டர் பிடிக்கவேண்டும். ஆழ்துளைக் கிணறாயின் மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டபின் பிடிக்கவும்.

(2) கிருமிப் பரிசோதனைக்கு, பரிசோதனைச்சாலை தரும் சுத்திசெய்த புட்டியையே கொள்க, அதனை அலசலாகாது. பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்கவேண்டும்.

(3) காரீயத்திற்கு, இரவு முழுதும் குழாயில் தங்கிய நீரை விடியற்காலையில் முதன்முதலாகப் பிடிக்கவும். சில நிமிஷம் ஓடவிட்டு மற்றொரு மாதிரி பிடிக்கவும். முதலாவதில் மட்டும் மிகுந்திருந்தால், குற்றம் வீட்டுக் குழாயிலேயே என்று அறியலாம்.

(4) கிராமம், கிணற்றின் ஆழம், தேதி, நேரம் ஆகியவற்றைக் கலத்தின்மேல் எழுதி ஒட்டவேண்டும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச்சாலைகளில் இவை ஆராயப்படும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் முறைப்படி, பொதுக் குடிநீர் ஆதாரங்களை ஆண்டுக்கு ஒருமுறை இரசாயனப் பரிசோதனையும், இருமுறை கிருமிப் பரிசோதனையும் செய்யவேண்டும். கிராமத்திற்கு ஐந்து பெண்களைக் கைப்பெட்டிப் பரிசோதனையிற் பழக்கவும் வேண்டும். சாதாரணக் கைப்பெட்டி ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் காட்டும், காரீயத்தைக் காட்டாது. ஆகவே அதற்கு மாதிரியைப் பரிசோதனைச்சாலைக்கே அனுப்புதல் வேண்டும். முடிவுகளை யாவரும் காணும்படி பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டிவைப்பது நலம்.

ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ மிகுந்த கிணற்றைப் பாசனத்திற்கு விட்டு, பரிசோதித்த வேறு நீரைக் குடிக்கவும் சமைக்கவும் கொள்ளவேண்டும். காரீயம் காணப்பட்டால் குழாயையோ இணைப்பையோ மாற்றவேண்டும். மாற்றும்வரை காலையில் முதலில் வரும் நீரைச் செடிகளுக்கு விடுக. அண்டைவீட்டுக் கிணறு நல்லதாயிருப்பது நம் கிணற்றிற்குச் சான்றாகாது.

பயிருக்காக மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் குடியானவர், தம் மக்கள் நாள்தோறும் பருகும் நீரை அனுப்பத் தாமதித்தல் தகாது.