நெடுந்தூர ஓட்டத்தில் தலைசிறந்தவர் யார்?

திண்டிவனத்தில் புறப்பட்டு, கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைக் கடந்து, விழுப்புரத்தையும் தாண்டிச் சில கிலோமீட்டர் ஓடினால்தான் 42.195 கிலோமீட்டர் கொண்ட ஒரு மாரத்தான் பூர்த்தியாகும் என்று எண்ணிப் பார்த்தால், அத்தூரத்தை 1978-ஆம் ஆண்டு ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்த சிவநாத் சிங்கின் மகத்துவம் எளிதில் விளங்கும்.

பீகாரில் பிறந்து, ராணுவத்தில் சேவை புரிந்து, காலணியின்றிப் பாதத்தில் பட்டை சுற்றிக்கொண்டு ஓடுவதை வழக்கமாகக் கொண்டிருந்த அவ்வீரர், 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் தங்கம் வென்றவர். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்றவர். கடிகாரம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டால், 2023-இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடிய கென்யாவின் கெல்வின் கிப்டமுக்கு அவர் வெகுதூரம் பின்தங்கியவரே. ஆயினும், கார்பன் தகடு பொதிந்த இக்காலக் காலணியையும் வெறும் பாதத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது; ஒரு வீரரை அவர் காலத்தவரோடு ஒப்பிட்டே மதிக்க வேண்டும். நம் புதுக்கோட்டை லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரத்து ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது ஓடிய வேகம் சாதாரணமே. ஆனால் அன்று அவரை முந்த ஆசியாவில் ஒருவரும் வரவில்லை.

தம் காலத்தவரை வென்றதோடு, தமக்குப் பின் வந்த தலைமுறைகளையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வைத்தது ஜலந்தரில் சிவநாத் சிங் படைத்த அந்தத் தேசிய சாதனை. ஆதலின் இந்திய வரிசையில் முதலிடம் அவருக்கே உரியது என்று துணிந்து சொல்லலாம்.